வெர்மீரைப் பார்த்து வரைவதில் என்ன தப்பு?

"அடுத்தவர் படத்தைப் பார்த்து வரைவதெல்லாம் ஒரு கலையா?" ஆயில் பெயின்டிங் கற்கிற எல்லாரும் கேட்டுச் சலித்த கேள்வி. ஓவியர் ரூபன்ஸ் பெரிய பேர் வாங்கிய பிறகும் மாட்ரிட்டில் உட்கார்ந்து, அவருக்கு முந்தைய இத்தாலிய ஓவியர் டிஷியனின் படங்களைப் பார்த்து வரைந்தவர். பாரிஸின் லூவர் மியூசியத்தில் இன்றும் அனுமதி வாங்கி, படம் வைக்கும் ஸ்டாண்டு போட்டு வரைகிறார்கள். நகல் மூலத்தின் அளவிலேயே இருக்கக் கூடாது, அதில் மட்டும் கறார்.

எனக்குக் கோபம் வருவது கட்டம் போட்டு நிரப்புகிறவர்கள்மேல்தான். பிரிண்ட் எடுத்து, கட்டத்துக்குக் கட்டம் தெரிகிற கலரைக் கலந்து பூசினால் படம் அச்சு அசலாக வரும், சரி. அடியில் என்ன இருந்தது என்று யார் சொல்வது?

நான் இப்போது பார்த்து வரைவது டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்' படத்தை. அவர் 1665 வாக்கில் வரைந்தது. நெதர்லாந்தின் ஹேக் நகரில், மௌரிட்ஸ்ஹவுஸ் மியூசியத்தில் இருக்கிறது. 2018-ல் அங்கே அதை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பழுப்பும் கறுப்புமாக முதலில் நிழலைப் பிடித்துவிட்டுத்தான் மனிதர் கலருக்கே போயிருக்கிறார். நாம் வெறும் கறுப்பு என்று நினைக்கிற பின்னணி, அவர் வரைந்தபோது பச்சைத் திரை. கண்களுக்கு மெல்லிய இமைமுடிகூட இருந்திருக்கிறது. பிரிண்டைப் பார்த்து கறுப்பை அப்புகிறவர் காலம் செய்த வேலையைத்தான் நகல் எடுக்கிறார்.

அந்த முத்தைக் கிட்டத்தில் பாருங்கள். மேலே கெட்டியாக ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே சட்டைக் காலரின் வெளிச்சம் மங்கலாக. அவ்வளவுதான்! காதில் மாட்டக் கொக்கிகூட இல்லை. மூக்குத்தண்டுக்கும் அதை ஒட்டிய கன்னத்துக்கும் நடுவே கோடே கிடையாது, ஒரே கலர். பென்சிலில் மூக்கைக் கோடு போட்டே பழகிய கைக்கு இது பெரிய பாடம்.

அப்புறம், அவசரப்படாதீர்கள். ஆயில் பெயின்டில் இருக்கிற ஆளி விதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அடி அடுக்கில் பெயின்டை நீர்க்க வைக்கிற டர்பன்டைன் கூடுதலாக, மேலே போகப்போக எண்ணெய் கூடுதலாக. மாற்றிச் செய்தால் பிற்பாடு வெடிப்பு விடும். தலைத்துணியின் நீலத்துக்கு வெர்மீர் ஆப்கானிஸ்தான் கல்லை அரைத்த சாயத்தை வைத்தார்; நமக்குக் கடையில் கிடைக்கிற செயற்கை அல்ட்ராமரின் நீலம் போதும்.

முடித்ததும் கேன்வாஸின் பின்பக்கம் 'வெர்மீரைப் பார்த்து' என்று எழுதி, உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள். யாராவது விலைக்குக் கேட்டால் அதைத் திருப்பிக் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.