விளக்கெண்ணெய் நல்லதுதான், ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை

தொப்புளில் இரண்டு சொட்டு விட்டால் சர்க்கரை குறையும், கண்ணில் விட்டால் புரை கரையும், துணியில் நனைத்து வயிற்றில் கட்டினால் கல்லீரல் சுத்தமாகும். இந்த வாரம் மட்டும் மூன்று பேர் இப்படி விளக்கெண்ணெய் வீடியோ அனுப்பிவிட்டீர்கள். அக்கறையோடுதான் அனுப்புகிறீர்கள் என்று தெரியும். அதனால்தான் பதில் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

இந்த எண்ணெய் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. பித்தவெடிப்புக்கு நான் தேடுவது இதைத்தான். ராத்திரி பாதத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துடைத்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் தடவிவிட்டுக் காலுறை போட்டுக்கொண்டு படுத்தால், நாலைந்து நாளில் போர்வையில் மாட்டி இழுக்கிற அந்தச் சொரசொரப்பு அடங்கிவிடும். ஸ்பூனைச் சாய்த்துப் பாருங்கள், சொட்டாக விழாது, நூல் மாதிரி இழுபட்டு இறங்கும். இதன் கொழுப்பமிலத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம், அதனால் வருகிற பிசுக்கு அது. தோல் மேல் படலமாக உட்கார்ந்து ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது.

அப்புறம் பேதி. இதில் சந்தேகமே இல்லை, குடித்தால் 2 முதல் 6 மணி நேரத்துக்குள் வயிறு போகும். குடலில் இந்த எண்ணெய் உடைந்து ரிசினோலிக் அமிலம் வெளியே வருகிறது, அது குடல் தசையில் இருக்கிற ஒரு ஏற்பியை, அதாவது செல்லுக்குச் சேதி வாங்கிக் கொடுக்கிற புரதத்தைத் தூண்டி, தசையைச் சுருங்க வைக்கிறது. ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் 2012இல் இதை எலிகளில் காட்டினார்கள். அந்த ஏற்பி இல்லாத எலிகளுக்கு எண்ணெய் கொடுத்தும் பேதியாகவில்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அதே ஏற்பி வழியாகக் கருப்பையையும் இது சுருங்க வைக்கிறது.

என் தங்கைக்குப் பிரசவ நாள் தாண்டிப்போனபோது, வலி எடுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு யாரிடமும் சொல்லாமல் குடித்துவிட்டாள். வலி வரவில்லை. விடிய விடிய வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான். காலையில் உதடெல்லாம் காய்ந்து, நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குள் நடந்தாள். இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏறின பிறகுதான் முகத்தில் தெளிவு வந்தது. மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது. உடம்புக்குள் போய் இவ்வளவு வேலை செய்கிற பொருள் வேண்டாத வேலையும் செய்யத்தானே செய்யும்?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பது பேச்சு வழக்கு, அதோடு நிற்கட்டும். புரை என்பது கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மங்குவது, மேலே விடுகிற எண்ணெய் அதைக் கரைக்காது, ஆபரேஷன்தான் வழி. கண் வறட்சிக்கான சில சொட்டு மருந்துகளில் விளக்கெண்ணெய் இருப்பது உண்மைதான், ஆனால் அது கிருமி நீக்கி, அளவு பார்த்துச் சேர்த்தது, அலமாரியில் திறந்து வைத்த பாட்டில் அல்ல. தொப்புள் வழியாக எண்ணெய் உறுப்புகளுக்குப் போகும் பாதை எதுவும் கிடையாது. முடிக்குப் பளபளப்பு தரும், சரி, புதுசாக முளைக்க வைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இந்த எண்ணெய் எடுக்கிற ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கோடு தங்கிவிடும், அதனால் முறையாக எடுத்த எண்ணெயில் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஆமணக்கு விதையை யாரும் மென்று பார்க்காதீர்கள்.

கடைசியாக, கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு. வாயைப் பிடித்து ஊற்றுவது, மூக்கில் விடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். அது எண்ணெய் என்பதால் சில சமயம் பெரிய இருமல்கூட இல்லாமல் உள்ளே போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.