போட்டாச்சு, அப்புறம்?

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டீர்கள். அந்த வீடியோ எனக்கே பல பேரிடமிருந்து வந்துவிட்டது. நான் எழுந்து நிற்பது அதில் தெரிகிறது, "உட்காருங்க டீச்சர், உட்காருங்க" என்ற சத்தம் கேட்கிறது, அதோடு நின்றுவிடுகிறது. நான் என்ன கேட்டேன் என்பதை யாரோ கவனமாக வெட்டியிருக்கிறார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

பாகிஸ்தான் மேல் அணுகுண்டு போடுவதைப் பற்றி மேடையில் பேசியவர் சொன்னது: "நம்மகிட்ட இருக்கறதுல ஒண்ணே ஒண்ணு எடுத்துப் போட்டா போதும், அஞ்சு நிமிஷத்துல எல்லாக் கணக்கும் முடிஞ்சிடும்." மண்டபம் முழுக்கக் கைதட்டல். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தட்டினார்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பா அம்மாவுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து கேட்டேன்: "சரிங்க, போட்டாச்சு. அப்புறம்?"

நான் கேட்டது இவ்வளவுதான். இதற்குத்தான் தேசத் துரோகி, பயந்தாங்கொள்ளி, "பென்ஷன் வாங்கிட்டு வீட்ல சும்மா இருக்க வேண்டியதுதானே" எல்லாம்.

இப்போதும் அதையேதான் கேட்கிறேன். போட்டாச்சு. அப்புறம்?

1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவில் விழுந்த குண்டு ஏறத்தாழ 15 கிலோடன். இன்றைய கணக்கில் அது சின்னக் குண்டு. அந்த வருடம் முடிவதற்குள் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து நாகசாகியில் இன்னொன்று, அங்கே எழுபதாயிரத்துக்கும் மேல். இந்த எண்கள் எல்லாருக்கும் மனப்பாடம், வினாடி வினாவில் கேட்டால் சொல்வார்கள். என்னை உலுக்கியது வேறு ஒரு விவரம். ஹிரோஷிமாவில் இருந்த டாக்டர்களிலும் நர்ஸுகளிலும் பத்தில் ஒன்பது பேர் செத்தோ காயம்பட்டோ போனார்கள். கருகிப்போய்த் தண்ணீர் கேட்டவர்களுக்குக் கட்டுப் போடக்கூட ஆள் இல்லை.

2004 சுனாமியைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொடுத்தோம். அலை அடித்த மறுநாள் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, புளிசாதம் கிளறி, டிராக்டரில் ஏற்றிக்கொண்டு அக்கரைப்பேட்டைப் பக்கம் போனோம். நானும் என் நாத்தனாரும் பொட்டலம் கொடுக்கப் போனவர்கள்தான். ஆனால் அங்கே யாரும் கை நீட்டவில்லை. பொக்லைன் குழி தோண்டிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா ஒவ்வொரு துணியாக விலக்கி முகம் பார்த்துக்கொண்டே போனார். நாத்தனார் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாவோடு நடக்க ஆரம்பித்துவிட்டாள். இருட்டும் வரைக்கும் கூடவே நடந்தாள்.

அன்றைக்கு எங்களைப் போல ஊர் ஊராக வந்தார்கள். லாரி லாரியாகச் சாமான் வந்தது. ராணுவம் வந்தது, வெளிமாநில டாக்டர்கள் வந்தார்கள். 2018 நவம்பர் 16இல் கஜா அடித்துத் தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்தபோதும் வெளி மாவட்டத்து மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து, வயல் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். அவர்களுக்கு நாம் சோறாக்கிப் போட்டோம். வந்து நிற்பதற்கு வெளியூர் என்று ஒன்று இருந்தது, அதனால்தான் பிழைத்தோம். அணுகுண்டு போட்ட பிறகு எந்த வெளியூரிலிருந்து எந்த டிராக்டர் வரும்? அதைத்தான் கேட்டேன். மேடையில் இருந்த ஒருவரும் பதில் சொல்லவில்லை, மைக்கைத்தான் வாங்கினார்கள்.

"டீச்சர், குண்டு அங்க விழுது, தஞ்சாவூர்ல இருக்கற உங்களுக்கு என்ன?" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். முதலில், குண்டு ஒரு பக்கம் மட்டும் விழும் என்று அவருக்கு யார் சொன்னது? ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனம் 2025 தொடக்கத்தில் போட்ட கணக்கில் இந்தியாவிடம் சுமார் 180 அணு ஆயுதங்கள், பாகிஸ்தானிடம் சுமார் 170. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து பிரமோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய் போர் விமானங்கள் நிற்கின்றன. அந்தச் சத்தம் கேட்டு வயலில் நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறோமே, அது வேறு யார் கண்ணுக்கும் தெரியாதா? 2025 மே 7ஆம் தேதி போர்க்கால ஒத்திகை தமிழ்நாட்டில் எங்கே நடந்தது? சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும். எல்லையிலிருந்து தூரம் என்று நினைத்திருந்தால் அங்கே ஏன் ஒத்திகை நடத்த வேண்டும்?

இரண்டாவது, குண்டே இங்கே விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். புகை? எரிகிற நகரங்களிலிருந்து எழும் கரி, மழை கழுவ முடியாத உயரத்துக்குப் போய் வருடக்கணக்கில் அங்கேயே நின்று வெயிலை மறைக்கும் என்று விஞ்ஞானிகள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். 2022இல் நேச்சர் ஃபுட் இதழில் வந்த ஆய்வு, இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டுகளால் மோதிக்கொண்டால் உலகத்தில் இருநூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பட்டினியால் சாகக்கூடும் என்கிறது. குண்டு கொல்வதைவிடப் பசி கொல்வது பல மடங்கு. குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்தால்தான் கபினி நிரம்பும், கிருஷ்ணராஜசாகர் நிரம்பும், மேட்டூருக்குத் தண்ணீர் வரும். மேட்டூர் அணை திறக்கிற ஜூன் 12 எப்போது வரும் என்று காலண்டரைப் பார்க்கிற ஜனங்கள் நாம். மழை குறைந்து, வெயிலும் இல்லாமல் போனால்? நெல் பூக்கிற நேரத்தில் குளிர் கூடினாலே மணி பிடிக்காமல் பதராகிவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த ஆய்வும் இல்லை, என் அப்பா. ஒரே வாய்க்காலில் மேல்மடைக்காரன் வயலில் விஷத்தைக் கொட்டிவிட்டு என் வயலுக்கு வராது என்று சொல்கிற ஆளை நம் ஊரில் என்னவென்று கூப்பிடுவோம்? அந்த ஆளுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை கைதட்டினீர்கள்.

"மிரட்டறது அவன், நீங்க எங்களைக் கேக்கறீங்க" என்று நிறையப் பேர். நியாயம்தான், மிரட்டுகிறார்கள். அது கேவலம். 2025 ஆகஸ்டில் பாகிஸ்தான் ராணுவத் தளபதி அமெரிக்காவில் பேசியதாக வந்த அணு ஆயுத மிரட்டலை நமது வெளியுறவு அமைச்சகம் கண்டித்தது, பொறுப்பற்ற பேச்சு என்றது. சரியாகச் சொன்னார்கள், நானும் பாராட்டினேன். அதே பேச்சை நம்ம ஊர் மண்டபத்தில், நம்ம ஊர் மைக்கில், நம்ம பிள்ளைகள் முன்னால் ஒருவர் பேசினால் அது மட்டும் எப்படி வீரமாகும்? அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது இந்திய அரசு அறிவித்து வைத்திருக்கும் கொள்கை. அப்படியானால் மேடையில் இந்திய அரசின் கொள்கைக்கு எதிராகப் பேசியவர் யார், அதன் பக்கம் நின்றவர் யார்? என்னைத் துரோகி என்று எழுதியவர்கள் இதற்குப் பதில் எழுதுங்கள்.

பஹல்காமை மறந்துவிட்டேனா என்று கேட்கிறீர்கள். 2025 ஏப்ரலில் அங்கே பயங்கரவாதிகள் கொன்றது 26 பேரை. பெயரைக் கேட்டு, மதத்தைக் கேட்டுச் சுட்டார்கள். மறக்க மாட்டேன். அந்தக் கொலைகாரர்களையும் ஏவியவர்களையும் தண்டிக்கக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் அதற்கு அடுத்து 2025 மே மாதச் சண்டையில் எல்லையோரம் பூஞ்ச்சில் ஷெல் விழுந்து நம் பள்ளிப் பிள்ளைகளும் செத்தார்கள். அவர்களைப் பற்றி அந்த மண்டபத்தில் யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா?

இன்னொரு வாதம் படித்தவர்களிடமிருந்து வருகிறது: இரண்டு பக்கமும் குண்டு இருப்பதால்தான் பெரிய போர் வராமல் இருக்கிறது. இதை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. பயம் கையைக் கட்டிப்போடும், உண்மை. ஆனால் 1998 மே மாதம் இரண்டு நாடும் வெடித்துக் காட்டின, அடுத்த வருடமே கார்கில் வந்தது. தவிர, இந்த ஏற்பாடு முழுவதும் யாரும் தவறே செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 1983 செப்டம்பர் 26இல் அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் வருவதாக சோவியத் எச்சரிக்கைக் கருவி காட்டியது. மேகத்தில் பட்டுத் தெறித்த வெயிலை அது ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது. பணியில் இருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரி நம்பாமல், பொய் எச்சரிக்கை என்று மேலே சொன்னார். அன்றைக்கு அவர் லீவு போட்டிருந்தால்? அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும், 2022 மார்ச் 9இல் நம்முடைய ஏவுகணை ஒன்றே தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானில் மியான் சன்னு பக்கம் விழுந்தது. நல்லவேளை, அதில் வெடிகுண்டு இல்லை, யாரும் சாகவில்லை. விசாரித்து மூன்று அதிகாரிகளைப் பணிநீக்கம் செய்தார்கள். ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே, நிலத்திலிருந்து ஏவிய ஏவுகணை போய்ச் சேர ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே சில நிமிடங்கள்தான். 2025 மே மாதம் கராச்சித் துறைமுகமே அழிந்துவிட்டது என்று டிவியில் ஓட்டினார்களே, அழிந்ததா? அந்த ராத்திரியில் அதை எத்தனை கோடிப் பேர் நம்பினோம்? அப்படிப்பட்ட ராத்திரியில் யாருடைய கை எதன்மேல் இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறீர்களா?

சிந்து நதித் தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதற்கும் மண்டபத்தில் கைதட்டல் வந்தது. "ஒரு சொட்டு விட மாட்டோம்" என்றதும் எழுந்து நின்று தட்டியவர்களில் ஒருவர் 2023இல் குறுவை கருகி, வரப்பில் உட்கார்ந்து அழுத மனிதர். எனக்கு மாமா முறை. அவரைப் பார்த்தபோதுதான் நெஞ்சு அடைத்தது. மாமா, மேலே இருக்கிறவன் மடையை அடைத்தால் கீழே இருக்கிறவனுக்கு என்ன ஆகும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? காவிரித் தண்ணீருக்காக நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம் என்று அலைந்து 2018இல் 177.25 டிஎம்சி என்று எழுதி வாங்கி, அதையும் ஒவ்வொரு வருடமும் கெஞ்சித்தானே வாங்குகிறோம்? சிந்து நதித் தண்ணீரைப் பாகிஸ்தானோடு பங்கிட்டுக்கொள்ளும் 1960 ஒப்பந்தம் 1965, 1971, 1999 என்று இத்தனை சண்டையிலும் அறுபடாமல் நின்றது. 2025 ஏப்ரலில் நிறுத்தி வைத்தோம், தண்ணீரைத் தடுத்தால் போராகவே கருதுவோம் என்றார்கள் அவர்கள். நிறுத்தியதற்கு அரசிடம் காரணம் இருக்கலாம், அதை அரசு சொல்லட்டும். ஆனால் காவிரிப் பாசனத்தில் பிறந்தவன் அதற்குக் கைதட்டக் கூடாது மாமா. எனக்கு அது பொறுக்கவில்லை.

"பொம்பளைக்கு ராணுவத்தைப் பத்தி என்ன தெரியும்" என்று எழுதியவருக்கு: என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். 2025 மே 7லிருந்து 10 வரை அவனிடமிருந்து போன் இல்லை. அம்மா டிவியை அணைக்கவும் விடவில்லை, பார்க்கவும் முடியவில்லை. சேனல்களில் சைரன் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார்கள், அரசே தலையிட்டு அதை நிறுத்தச் சொல்லும் வரைக்கும். 10ஆம் தேதி சாயங்காலம் சண்டை நிறுத்தம் என்று வந்தபோது அம்மா பூஜை அறைக்குக்கூடப் போகவில்லை, அப்படியே தரையில் படுத்துத் தூங்கிவிட்டார். மேடையில் இருந்த யார் வீட்டுப் பிள்ளையும் எல்லையில் இல்லை. எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள், எனக்குத் தெரியும். பயந்தாங்கொள்ளி என்று என்னைச் சொல்லுங்கள், பரவாயில்லை. ஆமாம், பயப்படுகிறேன். பயப்படாதவர்கள் கையில் இந்த நாடு போய்விடக் கூடாதே என்றும் பயப்படுகிறேன்.

சண்டை போடுகிற இரண்டு அரசுகளே எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கின்றன என்று பாருங்கள். அணு நிலையங்களைத் தாக்கிக்கொள்வதில்லை என்று 1988 டிசம்பர் 31இல் ஒப்பந்தம் போட்டு, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறார்கள். கார்கிலுக்குப் பிறகும் அதை நிறுத்தவில்லை. அவர்களுக்குப் "போட்டாச்சு, அப்புறம்?" என்ற கேள்வி தெரிந்திருக்கிறது. நம் மண்டபத்துக்குத்தான் தெரியவில்லை.

அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று. ஆகஸ்ட் 6 அன்று யார் வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்தாலும் வந்து ஹிரோஷிமாவைப் பற்றிப் பேசுகிறேன். அணுகுண்டு வீச்சில் பிழைத்தவர்களின் அமைப்புக்கு 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர்கள் வாழ்நாள் முழுக்கச் சொன்னதைப் பிள்ளைகள் ஒருமுறையாவது கேட்கட்டும். மைக் வேண்டாம்.

கடைசியாக, என் தம்பியின் சீருடைப் படத்தை எடுத்து "இந்த அக்காவுக்கு இப்படி ஒரு தம்பியா" என்று போட்டிருக்கிறீர்களே, அதை இன்று ராத்திரிக்குள் எடுத்துவிடுங்கள். பணியில் இருக்கிறவன் முகத்தையும் பெயரையும் இப்படிப் பரப்புவது அவன் உயிருக்கு நல்லதில்லை, தேசபக்தி பேசுகிற உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் கமெண்ட் திறந்தே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வேன்.