பெத் ஷாலோம் வெறும் அருங்காட்சியகம் அல்ல
அமெரிக்காவில் பிலடெல்பியாவை ஒட்டிய எல்கின்ஸ் பார்க்கில் இருக்கும் பெத் ஷாலோம் யூத ஆலயம் "இப்போது வெறும் அருங்காட்சியகம்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த ஒரே யூத ஆலயம், 2007-இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது, சுற்றிப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். குழப்பம் அங்கேதான் வந்திருக்கும். ஆனால் சபை கலையவில்லை. சனிக்கிழமை ஓய்வுநாள் வழிபாடு இன்றும் அங்கே நடக்கிறது.

அப்புறம், யூத ஆலயம் என்றாலே தொழுகைக்கு மட்டும் என்பதும் தவறு. எபிரேயத்தில் அதற்கு 'பெத் கெனசெத்' என்று பெயர், அதாவது கூடும் வீடு. பிள்ளைகள் எபிரேயம் படிப்பது, பதின்மூன்று வயதில் சமயப் பொறுப்பேற்கும் சடங்கு, கல்யாணம், துக்கத்தில் கதீஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்லப் பத்துப் பேர் சேர்வது எல்லாம் இப்படிப்பட்ட இடங்களைச் சுற்றித்தான். ரைட்தான் பாவம், 1959 ஏப்ரலில் இறந்துவிட்டார். பெத் ஷாலோமின் திறப்பு விழா அதே ஆண்டு செப்டம்பரில்தான்.