பதினைந்து பொருள் வேண்டாம், மூன்று போதும்

குளியல் பொடி வீடியோ எதைத் திறந்தாலும் பதினைந்து, இருபது பொருள் சொல்கிறார்கள். ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, வெட்டிவேர், கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போகரிசி என்று சீட்டு நீள்கிறது. அதை நாட்டு மருந்துக் கடையில் நீட்டினால் வருகிற பில்லில் ஒரு குடும்பத்துக்குப் பல மாதத்துக்கு சோப்பு வாங்கிவிடலாம். பாதி பொடி டப்பாவிலேயே வண்டு பிடித்துக் குப்பைக்குப் போகும். இதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் செய்வது லாபம்தான். ஆனால் பொருள் குறையக் குறையத்தான் லாபம் கூடும். ஒவ்வொரு பொருளும் எதற்கு என்று தெரிந்து, அளவோடு சேர்த்தால்தான் பலனும் தெரியும். சேர்க்கும் பொருள் கூடினால் கெடுதலுக்கும் இடம் கூடுகிறது. கார்போகரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சோரலென் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. வெயிலுக்குத் தோலைக் கூச வைக்கும் பொருள் அது. அதனால்தான் வெண்புள்ளி சிகிச்சையில் அதைப் பயன்படுத்தினார்கள். அதை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் கன்றிக் கருக்க வாய்ப்புண்டு. "பூசினால் நிறம் கூடும்" என்று நம்பி வாங்குகிற பொருளே நிறத்தைக் கெடுத்துவிடும்.

சீயக்காய்த் தூளுக்கு மூன்று பொருள் போதும். சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் நூறு கிராம். நுரைத்து அழுக்கை எடுப்பது சீயக்காய்த் தோலில் உள்ள சபோனின். பயறு அதன் காட்டத்தைக் குறைத்து, குழைத்தால் தலையில் நிற்கும்படி பதம் கொடுக்கும். வெந்தயத்தின் வழுவழுப்பு முடியைச் சிக்கில்லாமல் வைக்கும். வெந்தயத்தை மட்டும் கூட்டாதீர்கள். கூடினால் கொழகொழவென்று முடியில் ஒட்டிக்கொண்டு அலசவே வராது. சீயக்காயைக் கொட்டை நீக்கி வாங்குவது நல்லது. கொட்டை எடைக்குத்தான் உதவும், நுரைக்கு உதவாது.

நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வையுங்கள். காயை ஒடித்தால் பட்டென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மில்லில் கொடுப்பதற்கு முன் அந்த மிஷினில் கடைசியாக என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். பல மில்களில் சீயக்காய்க்கும் அரப்புக்கும் தனி மிஷினே உண்டு. மிளகாய் அரைத்த மிஷினில் அரைத்து வந்தால் அந்தத் தூளைத் தலைக்குப் போட முடியாது. அரைத்த தூள் சூடாக இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டி, பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, சலித்து, பிறகு அடையுங்கள். சலிக்காத தூளின் நார் முடியில் சிக்கி உலர்ந்தபின் பொடுகு மாதிரி தெரியும்.

தோள் வரை முடி உள்ளவருக்கு ஒரு குளியலுக்கு மூன்று மேசைக்கரண்டி ஆகும். வடித்த கஞ்சியிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேயுங்கள். இந்த அளவில் இரண்டு பேர் வாரம் இருமுறை தேய்த்தாலும் ஏறக்குறைய மூன்று மாதம் வரும். பாட்டில் விலையையும் கிலோ விலையையும் ஒப்பிட்டால் கணக்கு சரியாக வராது. ஒரு குளியலுக்கு எவ்வளவு செலவு என்று போட்டுப் பாருங்கள். உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு நன்மை. சோப்பு அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து முடியில் பிசுக்காகப் படியும், சீயக்காய் அப்படிப் படியாது. அரித்துச் செதில் செதிலாக உதிரும் பொடுகுக்கு மட்டும் இதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

உடம்புக்கு இன்னும் எளிது. பச்சைப்பயறு அரைக் கிலோ, வாசனைக்குப் பூலாங்கிழங்கு ஐம்பது கிராம், அவ்வளவுதான். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் கடையில் வேறு கிழங்கையும் விற்கிறார்கள், அது இல்லாமலே நன்றாக இருக்கும். மைதா போல் நைசாக அரைக்க வேண்டும், நறநறவென்று இருந்தால் தோலைச் சிராய்க்கும். ஈரக் கையை டப்பாவுக்குள் விடுவதால்தான் பெரும்பாலான பொடிகள் கெடுகின்றன. பத்து நாளுக்கு உண்டானதை மட்டும் குளியலறையில் வைத்துவிட்டு மற்றதை அடுக்களையில் வையுங்கள். குளியலறைச் சாக்கடை வாயில் ஒரு வலைச் சல்லடையும் போடுங்கள். பயத்தமாவும் உதிர்ந்த முடியும் சேர்ந்து குழாயை அடைத்தால், மிச்சம் பிடித்த காசு பிளம்பருக்குப் போய்விடும். கைக்குழந்தையின் முகத்துக்கு அருகில் உலர்ந்த பொடியைத் தூவாதீர்கள், மூச்சில் ஏறும்.

பொடி மாதக்கணக்கில் நிற்பதற்குக் காரணம் அதில் தண்ணீர் இல்லை என்பதுதான். தண்ணீர் சேர்ந்த எதுவும், கற்றாழை ஜெல்லோ அரிசி ஊறிய தண்ணீரோ வெள்ளரிச் சாறோ, பாதுகாப்புப் பொருள் இல்லாமல் இரண்டு மூன்று நாளில் கிருமி வளர்க்கும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் வாரம் தாண்டாது. மணம் மாறாமல் இருந்தாலும் கிருமி இருக்கலாம். அதனால் இவற்றை அன்றன்றைக்கு வேண்டியது மட்டும் செய்யுங்கள். பாட்டிலில் நிரப்பி வைக்காதீர்கள். கறிவேப்பிலை, செம்பருத்தி போட்டுக் காய்ச்சும் தலை எண்ணெயிலும் இதே விதிதான். இலையில் உள்ள ஈரம் முழுக்கப் போக வேண்டும். சடசடப்பு அடங்கி, எண்ணெயில் குமிழி நின்ற பிறகுதான் இறக்க வேண்டும். பாதியில் இறக்கினால் சீக்கிரம் சிக்கு வாடை வரும்.

முகத்தில் எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அது தோல் தாங்கக்கூடிய புளிப்பு இல்லை; பூசிக்கொண்டு வெயிலில் போனால் புண்ணாகிக் கரும்படை விழும். சமையல் சோடா அதற்கு நேர் எதிர். அதன் காரத்தன்மை தோலை வறட்டும். வெயிலைத் தடுக்கும் கிரீமை வீட்டில் செய்ய முடியாது, அதைக் கடையில் வாங்குங்கள்.

வெடித்த குதிகாலுக்கு விலை கூடிய கிரீம் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, கல்லில் மெதுவாகத் தேய்த்து, துடைத்த கையோடு தேங்காய் எண்ணெயோ சாதாரண வாசலினோ தடவிப் பழைய காட்டன் சாக்ஸ் மாட்டிப் படுங்கள். ஈரம் காய்வதற்குள் தடவுவதுதான் முக்கியம். இவை ஈரத்தைக் கொடுப்பதில்லை, இருக்கிற ஈரத்தை வெளியேறாமல் பிடித்து வைக்கின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் காலை ஊறவைக்கவும் வேண்டாம், கல்லில் தேய்க்கவும் வேண்டாம். சூடு உறைக்காமல் கொப்புளம் வந்துவிடும், அது ஆறுவதும் கடினம்.

வீடு துடைக்கும் வேலைக்கு வருவோம். வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்க வைத்துக் காட்டுகிற வீடியோக்கள் ஏராளம். புளிப்பும் காரமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். பொங்கி அடங்கியபின் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புக் கரைசல். இரண்டு பொருளும் வீண். தனித்தனியாக வைத்தால் இரண்டும் நல்ல வேலைக்காரர்கள். குழாய், வெந்நீர்க் கெட்டில், பக்கெட் ஆகியவற்றில் படியும் வெள்ளைக் கறை சுண்ணாம்பு. அதைக் கரைக்கப் புளிப்பு வேண்டும். ஒரு லிட்டர் வெந்நீரில் சிட்ரிக் ஆசிட் தூள் இரண்டு தேக்கரண்டி போட்டு, துணியை நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் விட்டால் தேய்க்காமலே வரும். பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்ப்பதும் இதே தத்துவம்தான். அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்துக்குச் சோடா. ஒரு மேசைக்கரண்டி போட்டு, கறை மூழ்கத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அலுமினியத்தில் இதைச் செய்தால் பாத்திரம் கறுத்துவிடும்.

புளிப்பு எதையும் கடப்பா கல், மார்பிள், மொசைக் தரையில் ஊற்றாதீர்கள். இவற்றில் இருப்பதும் சுண்ணாம்புதான். கறையோடு தரையும் கரைந்து பளபளப்பு போய்விடும், போனது மறுபடி பாலிஷ் போடாமல் வராது.

இதை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கறை போகவில்லை என்று கழிவறையில் பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிடையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சின்னதாக உள்ள கழிவறையில் அது உயிரையே எடுக்கும். பிளீச்சிங்கோடு வினிகரும் சேரக்கூடாது. ஒரு நாள் ஒன்று, நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மறுநாள் மற்றது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லி வையுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு கழுவுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

பழத்தோலைப் புளிக்க வைத்துச் செய்யும் துடைப்புத் திரவமான பயோ என்சைம் பற்றியும் கொஞ்சம். வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று, தண்ணீர் பத்து, மூன்று மாதம். பிளாஸ்டிக் பாட்டிலில் கால்வாசி காலியாக விட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். கண்ணாடி பாட்டில் வெடிக்கும். தரை துடைக்க நல்லதுதான், ஆனால் அது அடிப்படையில் புளித்த காடி. கிருமிநாசினி என்று நம்பி நோயாளி இருக்கும் அறைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

மாதவிலக்குத் துணியைப் பற்றிப் பேச ஏன் தயங்க வேண்டும்? நாப்கின் செலவு பல வீடுகளில் பெரிய செலவு. மெத்தென்ற பழைய பருத்தி வேட்டியோ புடவையோ, நான்கைந்து மடிப்பு வைத்துத் தைத்தால் போதும். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சுடுதண்ணீர் பட்டால் கறை இறுகிவிடும். பிறகு சோப்பு போட்டு நன்றாக அலச வேண்டும், சோப்பு தங்கினால் அரிக்கும். இதெல்லாம் சரியாகச் செய்தும் தொற்றுக்கு இடம் கொடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு: யார் கண்ணிலும் படக்கூடாது என்று கட்டிலுக்கு அடியிலும் வேறு துணிக்கு உள்ளேயும் காயப்போடுவது. அது முழுக்கக் காய்வதே இல்லை. கொடியில், வெயிலில், மற்ற துணி மாதிரியே காயட்டும். வீட்டு ஆண்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

பற்பசையை வீட்டில் செய்யாதீர்கள். உப்பும் கரித்தூளும் எனாமலைத் தேய்த்துவிடும், சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடும் அதில் கிடையாது. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் அளவைக் குறையுங்கள். பிரஷ் முழுக்கப் பிதுக்குவது விளம்பரத்துக்காக. மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு போதும்.

கடைசியாக, அளவு தவறவே கூடாத ஒன்று: வயிற்றுப்போக்குக்கான உப்பு சர்க்கரைக் கரைசல். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. தேக்கரண்டி என்றால் 5 மில்லி அளவு. உப்பு கூடினால் குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறி மூளையைப் பாதிக்கும். சர்க்கரை கூடினால் குடல் தண்ணீரை இழுத்துப் போக்கு அதிகமாகும். கொடுப்பதற்கு முன் நீங்கள் ருசி பாருங்கள், கண்ணீரை விடக் கரிக்கக்கூடாது. இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போனபின்னும் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குமேல் மிச்சம் இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

இந்த எளிய கரைசலின் பெருமை சின்னதல்ல. 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடாவும் கலந்த தண்ணீரை உறவினர்கள் கையாலேயே குடிக்க வைத்தார். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது.

ஆனால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கையில் இருந்தால் அதுதான் முதல். வீட்டுக் கரைசலில் இல்லாத பொட்டாசியமும் சிட்ரேட்டும் அதில் இருக்கின்றன. கால் பாக்கெட்டை டம்ளரில் கொட்டிக் கலக்குவது தவறு. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டரில் கலக்க வேண்டும். கடையில் டெட்ரா பாக்கெட்டில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்றாகாது. பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது. கண் குழிந்து போனாலும், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும், குழந்தை துவண்டாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இரண்டு வாங்கி, காலாவதித் தேதி வெளியே தெரியும்படி அஞ்சறைப் பெட்டி பக்கத்திலேயே வையுங்கள்.