காலூன்றிய பிறகு கைகொடுக்கலாமாம்!

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தொண்டுச் சங்கத்தின் விழாவில் சிறப்பு விருந்தினர் பேசியதை நேரில் பார்த்தவர்களும் காணொளியில் பார்த்தவர்களும் ஆளுக்கொரு வியாக்கியானம் எழுதி முடித்துவிட்டார்கள். "அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்" என்று இன்று காலை ஏழாவது ஆள் தனிச்செய்தி அனுப்பியதும் பொறுமை போய்விட்டது. நீளமாகத்தான் இருக்கும். நேரமில்லாதவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம்.

"முதலில் காலூன்றுங்கள், பிறகு கைகொடுங்கள்" என்றார் அவர். மோனை அழகாக விழுந்தது, கைதட்டலும் விழுந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் தட்டியிருப்பேனோ என்னவோ. சிறப்பு விருந்தினர் ஐயா நிறுத்தவில்லை. ஓரமாக நின்றுகொண்டிருந்த எங்கள் ஆறு பேரையும் கைகாட்டி, "இவர்களெல்லாம் தியாகிகள். வாழ்க்கையைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள். நீங்கள் அப்படி ஆகிவிடக் கூடாது" என்று கல்லூரிப் பிள்ளைகளுக்கு அறிவுரை சொன்னார். நாங்கள் ஏன் நின்றுகொண்டிருந்தோம்? நாற்காலி போதவில்லை. அந்த நாற்காலிகளை வாடகைக்குப் பேசி, வண்டியிலிருந்து இறக்கி, எச்சம் துடைத்துப் போட்டதும் நாங்கள்தான். அவர் பேசி முடித்ததும் போர்த்த வேண்டிய பொன்னாடை அந்த நேரத்தில் என் கையில்தான் இருந்தது. போர்த்தவும் போர்த்தினேன். படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள்.

நான் எதையும் தொலைக்கவில்லை, ஐயா. திங்கள் முதல் சனி வரை ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மாலையும் ஞாயிற்றுக்கிழமையும் சங்கத்துக்கு. இந்த ஏற்பாட்டில் தொலைந்துபோனது என்று பார்த்தால் தொலைக்காட்சித் தொடர்கள் நாலைந்து இருக்கும்.

சங்கத்துக்கு வரும் முன்பு என் வாழ்க்கை என்னவாக இருந்தது என்று சொல்கிறேன். வீடு, ஆலை, வீடு. இருபத்தேழு வயது வரை திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். எங்கள் ஊரிலேயே எனக்குத் தெரியாத பாதி ஊர் இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி. பிறந்ததிலிருந்து பார்த்த இடம், ஒரு நாளும் கால் வைக்காத இடம். யாரும் தடுக்கவில்லை. போகவேண்டும் என்று தோன்றவே இல்லை. அதுதான் இப்போது நினைக்கும்போது கூசுகிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. எங்கள் பக்கத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடிந்து கதவைத் திறந்தால் ஊரே அம்மணமாக நின்றது. தென்னை இல்லை, கூரை இல்லை, மின்கம்பம் இல்லை. நான்காம் நாள் ஒரு வேனில் தார்ப்பாய் வந்தது. எங்கள் சங்கத்துக்கு அப்போது பெயர்ப்பலகைகூடக் கிடையாது. நாலைந்து பேர் கூவிக்கொண்டிருந்தார்கள், "கணக்கு எழுதத் தெரிந்தவர் யாராவது வாருங்கள்" என்று. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. போனேன்.

கணக்கு எழுதப் போனவளைக் காலனியில் தார்ப்பாய் கட்ட வைத்துவிட்டார்கள். மூலையில் ஓட்டை போட்டுக் கயிற்றைக் கோத்துச் சவுக்குக் கம்பில் கட்டினேன். ஒரே இரவுக் காற்றுக்கு ஓட்டை கிழிந்து தார்ப்பாய் பக்கத்து வேலியில் தொங்கியது. காலையில் அந்த வீட்டு அம்மா என்னைத் திட்டவில்லை. கீழே கிடந்த தென்னங்குரும்பை ஒன்றை எடுத்தார். தார்ப்பாய் மூலையில் அதை உள்ளே வைத்து, பிள்ளைக்குத் தலைத்துண்டு கட்டுவது போலச் சுற்றிப் பிடித்து, அதன் கழுத்தில் கயிற்றை இறுக்கினார். ஓட்டையே வேண்டாம். எவ்வளவு இழுத்தாலும் முடிச்சு குரும்பையைத் தாண்டி நழுவாது. மற்ற ஊர்களில் இதற்குக் கூழாங்கல் வைப்பார்களாம், டெல்டாவில் கல்லுக்கு எங்கே போவது? குரும்பைக்குத்தான் அந்த வாரம் பஞ்சமே இல்லை. ஊரிலிருந்த மரமெல்லாம் தரையில் கிடந்தது. நாலைந்து நாளில் குரும்பை வாடிச் சுருங்கி முடிச்சு தளரும், அப்போது உடைந்த ஓட்டுத் துண்டை மாற்றி வைக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். பி.காம். படித்த நான் அன்று முழுக்க அந்த அம்மாவுக்குச் சிற்றாள்.

மத்தியானம் அவர் வீட்டில் ரசமும் சோறும் சாப்பிட்டேன். சாயங்காலம் நான் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. "அந்த வீட்டில் சோறு தின்றாயாமே?" என்றார் அம்மா. பெரியப்பா வீட்டில் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. இதையெல்லாம் மேடையில் சொல்ல முடியாது, சொன்னால் "பழைய கதை" என்பார்கள். 2018 அவ்வளவு பழையதா? வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய 1968 டிசம்பர் 25-கூட இந்த மண்ணில் அப்படியொன்றும் பழையதில்லை.

வெண்மணி என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவும் ஜெகந்நாதன் ஐயாவும் தஞ்சைப் பக்கம் வந்தார்கள். இருவருக்கும் இது சொந்த ஊர் இல்லை. வந்து, தங்கி, 1981-இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, மிராசுதார்களிடம் பேசி, வங்கிக் கடனுக்கு அலைந்து, நிலமில்லாத குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் வாங்கிக் கொடுத்தார்கள். பட்டாவைப் பெண்கள் பெயரில் எழுத வைத்தார்கள், அதுதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். சிறப்பு விருந்தினர் ஐயாவின் சூத்திரப்படி இந்த இருவரும் முதலில் சொந்தமாக நாலு மனை வாங்கிவிட்டு அல்லவா வந்திருக்க வேண்டும்!

இயற்கை வேளாண்மை நம்மாழ்வார் ஐயா கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலையில் இருந்தவர். நன்றாகக் காலூன்றிய இடம். 1969-இல் அந்தக் காலைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் உயிர் போகும் வரை, மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஆதிரெங்கத்து நெல் ஜெயராமன் அண்ணன் இரண்டு கிலோ விதைநெல் கொடுத்து மறு வருடம் நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கி, அதை அடுத்த விவசாயிக்குக் கொடுத்தே பாரம்பரிய நெல்லைப் பரப்பினார். கஜா அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 6 அன்று புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. இவர்களும் தொலைத்தவர்கள்தானா? யாராவது மைக் முன்னால் சொல்லிப் பாருங்களேன்.

காலூன்றுவது பற்றி டெல்டாக்காரர்களுக்கு வகுப்பெடுப்பது அதைவிட வேடிக்கை. நடவு வயலில் காலை ஊன்றி நின்றுவிட்டால் வேலை நடக்காது. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கிப் பின்னால் வைத்தால்தான் அடுத்த குத்து விழும். ஊன்றி நிற்பது கொக்கு.

"உன்னை என்ன அவர்களோடு ஒப்பிட்டுக்கொள்கிறாய்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: ஒப்பிடவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைக்காரி, தெரியும்.

"தொண்டு நிறுவனங்களுக்கெல்லாம் வெளிநாட்டுப் பணம் வருகிறது" என்று வழக்கம்போல ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதியிருக்கிறார். எங்கள் சங்கத்துக்கு இதுவரை வந்த வெளிநாட்டுப் பொருள் ஒன்றே ஒன்று, என் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கோடாலித் தைலம். தூர்வாரும் நாளில் முதுகுக்குத் தேய்த்துக்கொள்கிறோம். ரசீதுப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அவர் வரமாட்டார்.

"அரசு செய்ய வேண்டியதை நீங்கள் செய்தால் அரசு தப்பித்துக்கொள்ளும்" என்பவர்கள் வேறு வகை. இவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. உண்மைதான். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறக்கிறார்கள் என்றால் அது கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் கண் பூத்துவிடும். எங்கள் கிளை வாய்க்காலில் ஆகாயத்தாமரையை நாங்கள் வாரிப் போட்டால், வாராத அதிகாரிக்கு நாங்களே நற்சான்று கொடுத்தது போலத்தான். ஆனால் நாற்றங்கால் காய்கிறதே, என்ன செய்வது? இது பதில் இல்லை என்று எனக்கே தெரிகிறது. இருந்தாலும் அடுத்த வருடமும் மண்வெட்டியை எடுப்போம்.

நாங்கள் அரசைக் கேட்காமலும் இல்லை. கேட்கக் கற்றுக்கொண்டதே சங்கத்தில்தான். குரும்பை கட்டக் கற்றுக்கொடுத்த அந்த அம்மாவுக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போனோம். முதல் தடவை நான் வாயே திறக்கவில்லை. "நாளை வா" என்றார்கள், "சரிங்க சார்" என்று திரும்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அந்த அம்மா, "நீ படித்த பிள்ளை என்றுதானே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. ஆறாவது தடவை போனபோது, மனு கொடுத்த தேதியையும் எண்ணையும் எழுதிய காகிதத்தை மேசைமேல் வைத்து, "எந்தக் காரணத்தால் நிற்கிறது என்று இதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்றேன். குரல் நடுங்கியது. ஒன்பது நாளில் சான்றிதழ் வந்தது. அதே வருடம் ஆலையில் என் சம்பளத்தையும் வாய்விட்டுக் கேட்டு உயர்த்தி வாங்கினேன். ஐயா, நான் காலூன்றியதே அந்த மேசை முன்னால்தான். கைகொடுக்கப் போன இடத்தில்தான் எனக்குக் கால் வந்தது.

எல்லாருக்கும் அப்படி அமைந்தது என்று சொன்னால் பொய். எங்களோடு இருந்த ஒரு பையன், இருப்பவர்களிலேயே கெட்டிக்காரன், நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு முதுகெலும்பு போல இருந்தவன். கைக்காசைப் போட்டுப் போட்டுக் கடனாகி, ஒரு நாள் சொல்லிக்கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டான். இப்போது எங்கள் அழைப்பை எடுப்பதில்லை. அவன் கைக்காசைப் போடுகிறான் என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. பாராட்டினோம். நிறுத்தச் சொல்லவில்லை. ஐயா அவனைப் பற்றிப் பேசியிருந்தால் நான் தலையைக் குனிந்திருப்பேன். அவர் பேசியது அவனைப் பற்றி இல்லை. அவருக்கு அவனைத் தெரியாது. நாற்காலி தூக்கியவர்களின் வியர்வையைப் பார்த்துவிட்டு, அதைத் தோல்வி என்று முடிவு கட்டிவிட்டார்.

சரி, எல்லாரும் சுற்றிச் சுற்றி வரும் இடத்துக்கு நானே வந்துவிடுகிறேன். காணொளியின் கீழே ஒரு பெண், பெண்தான், எழுதியிருக்கிறார்: "அக்காவுக்குக் குடும்பம் குட்டி என்று எதுவும் இல்லை, அதனால் முடிகிறது." சிரிப்புப் பொம்மை வேறு. எனக்கு வந்த வரன்களில் இரண்டு, "பெண் சேவை கீவை என்று காலனிப் பக்கமெல்லாம் போகிறதாம்" என்று நின்றன. மூன்றாவது வரனை நான் நிறுத்தினேன், கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகக் கூடாது என்றார்கள் என்பதற்காக. அதை நினைத்து ஒரு நாளும் அழுததில்லை என்று எழுத ஆசைதான். ஒன்றிரண்டு நாள் அழுதிருக்கிறேன். பண்டிகை நாட்களில். அதற்காக அது தொலைந்த வாழ்க்கையா? கல்யாணம் செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர் என்னிடம் வந்து குமுறியிருக்கிறார்கள் என்று நான் கணக்கெடுத்து எழுதட்டுமா? வேண்டாம். அவர்கள் என்னை நம்பிச் சொன்னது.

ஐயாமேல்கூட எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. வருவார்கள், பேசுவார்கள், பொன்னாடையை மடித்துக் காரில் வைத்துக்கொண்டு போவார்கள். கைதட்டியவர்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது வரிசையில், மின்விசிறிக்குக் கீழே, என் தம்பி. விடுமுறைக்கு வந்தவன். "அக்கா, உன் விழாவை நானும் பார்க்கிறேன்" என்று அவனே கேட்டுத்தான் வந்தான். அந்த வரிக்கு அவன் தட்டினான், நான் கண்ணால் பார்த்தேன்.

இருபத்திரண்டு வயதில் ஏஜெண்டுக்குப் பணம் கட்டிக் கப்பல் பட்டறைக்குப் போனவன் அவன். கஜாவில் போன எங்கள் வீட்டுக் கூரையைத் தளமாக மாற்றியது அவன் பணம். நான் ஊருக்கெல்லாம் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்கு மேல் தளம் போட்டவன். அதனால் அவன் தட்டலாம். அவனுக்கு உரிமை இருக்கிறது. ஒருவேளை அவன் என்னை நினைத்துத் தட்டவில்லையோ, தன்னை நினைத்துத் தட்டினானோ. அங்கே பத்துப் பேர் படுக்கும் அறையில், இத்தனை வருடமாகக் காலூன்றிக்கொண்டே இருக்கிறானே, அதை யாரோ ஒருவர் மேடையில் சரி என்று சொன்ன சந்தோஷமோ. இதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் இரண்டு நாளாகச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். விருப்பக்குறி எல்லாம் போட வேண்டாம். அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, கடைத்தெருவில் இருந்தால் வாங்கி வா. ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் வேலை இருக்கிறது, காலை ஆறு மணிக்கு. நீ வந்தாலும் சரி. தைலம் இன்னும் பாதிப் புட்டி இருக்கிறது.