மிச்சமா, பொழுதுபோக்கா?

துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு, சுட்டு முடித்த தோட்டாக் கூட்டை வீட்டிலேயே திரும்ப நிரப்பினால் பாதிச் செலவு மிச்சம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன் இதைத்தான் செய்கிறான். போன வருஷம் அவன் வீட்டில் ஒரு மாதம் இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

தோட்டாவில் பித்தளைக் கூடுதான் விலை அதிகம், அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், பாய்ந்துபோகும் குண்டு மூன்றும் ஒவ்வொரு முறையும் புதிதாக வேண்டும். 2020இல் பிரைமருக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியதை அவன் இன்னும் புலம்புகிறான். 9 மி.மீ. தோட்டா கடையிலேயே மலிவு, அதில் மிச்சம் சொற்பம். .45, .44 மேக்னம் மாதிரி விலை கூடுதலான பெரிய தோட்டா என்றால் கணக்கு மாறும். நெம்புகோலைக் கையால் அழுத்தி நிரப்பும் சாதாரண கைப்பிரஸ்ஸில் மணிக்கு 50லிருந்து 100 தோட்டாதான் தேறும். அந்த நேரத்துக்குக் கூலி யார் போடுவது?

தொண்டியில் எங்கள் அப்பா மீன் வலைக்கு ஈயக்குண்டை வீட்டிலேயே உருக்கி வார்ப்பார். கணக்குப் பார்த்தால் கடையில் வாங்குவதே லாபம், ஆனால் விடமாட்டார். மருமகனும் அதே ரகம். மிச்சப்பட்ட காசுக்கும் சேர்த்துச் சுட்டுத் தள்ளுகிறான்!

ஒரு கூட்டில் மருந்து இரண்டு தடவை விழுந்தால் துப்பாக்கியே வெடித்துவிடும். அதைக் கட்டுரை ஒரு வரியில் தாண்டியது சரியில்லை. அப்புறம், இங்கே இந்தியாவில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.