லிஃப்ட் நின்றால் எந்தத் துறை பதில் சொல்லும்?

மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகை பற்றிப் பேச்சு வந்தால், அது நலத்துறையின் விவகாரம் என்கிறோம். அரசு கட்டிக் கொடுத்த அடுக்குமாடியில் சுவர் உதிர்ந்தாலோ லிஃப்ட் நின்றாலோ, அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (பழைய குடிசை மாற்று வாரியம்) விவகாரம் என்கிறோம். அரசாங்கம் இவற்றை இரண்டு கோப்புகளாக வைத்திருப்பதில் வியப்பில்லை. நாமும் அப்படிப் பார்க்கவே பழகிவிட்டோம். எனக்குக் கோபம் அதில்தான். ஆறாவது மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். லிஃப்ட் ஓடாத மாதத்தில் அவருடைய உதவித்தொகை மருந்துக்குப் போவதில்லை. மருத்துவமனைக்குப் போகக் கீழே இறக்கிவிட்டு மறுபடி மேலே தூக்கிச் செல்பவர்களுக்கான கூலியாகப் போகிறது.

சென்னையின் கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை அப்புறப்படுத்தி, நகரத்துக்கு வெளியே கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தினார்கள். பெரும்பாக்கத்தில் தரைத்தளமும் அதற்கு மேல் ஏழு மாடிகளுமாக வரிசை வரிசையாகக் கட்டடங்கள். குடிசையில் இருந்தவர்களுக்கு கான்கிரீட் வீடு கிடைத்ததை நான் குறைத்துப் பேசமாட்டேன். மழைக்கு ஒழுகாத கூரை என்பது பெரிய விஷயம். ஆனால் குடிசையில் வாசல் தெருவில் இருந்தது. நடக்க முடியாதவர்கூடத் தவழ்ந்தாவது வெளியே வந்து உட்கார்ந்து நாலு பேர் முகத்தைப் பார்த்தார். அதே மனிதரை ஏழு மாடிக் கட்டடத்தில் ஏற்றிவிட்ட நாளிலிருந்து, அவர் வெளியே வருவதும் வராததும் ஒரு லிஃப்டின் கையில் இருக்கிறது. அந்த லிஃப்டை ஓட வைப்பது தர்மமோ சலுகையோ அல்ல. அவரை அங்கே கொண்டுபோய் வைத்தவர்களின் கடமை.

என் அத்தை அப்படியொரு வாரியக் குடியிருப்பில் நான்காவது மாடியில் இருக்கிறார். வீடு ஒதுக்கியபோது நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்தான். சர்க்கரை நோயில் காலை எடுத்தது அதற்குப் பிறகு. தரைத்தளத்துக்கு மாற்றித் தரும்படி மனு கொடுத்தோம். வீடு ஒதுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்றார் அங்கிருந்த அலுவலர். கால் போகப்போவதை முன்கூட்டியே யார் சொல்ல முடியும்? பக்கவாதம், விபத்து, முதுமை எல்லாம் குலுக்கலில் வீடு எடுத்த பிறகு வருபவைதான். ஒதுக்கீட்டு நாளில் இருந்த உடல்நிலையை மட்டும் பார்த்துப் பட்டியலை மூடிவிடும் நிர்வாகத்துக்கு, அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தாலும் தெரியாது.

தரைத்தளம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பகுதி தண்ணீரில் நின்றது. வெள்ளம் வந்தால் தரைத்தளத்தில் படுக்கையில் இருப்பவருக்கு உயிராபத்து. மின்சாரத்தை நிறுத்தினால் லிஃப்ட் நிற்கும். மேல்மாடியில் இருப்பவர் அங்கேயே சிறைப்படுவார். ஆக்சிஜன் கருவியோ, காற்றுப் படுக்கையோ மின்சாரத்தை நம்பி இருப்பவருக்கு நிலைமை இன்னும் மோசம். இதற்கு ஒரே வழி, எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன உதவி வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லும் யோசனை அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, எட்டாவது பிரிவில் இதைச் சொல்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அந்த மாவட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் பற்றிய விவரங்களைப் பதிவேடாகப் பராமரிக்க வேண்டும். ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் சேர வழி செய்ய வேண்டும். மாவட்ட ஆட்சியரே அந்த ஆணையத்தின் தலைவர். அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு மீட்புத் திட்டம் எழுதிவிடலாம். கட்டடம் அரசுடையது, குடியிருப்பவர்களின் பட்டியல் அரசிடம் இருக்கிறது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கொடுத்ததும் அரசுதான். மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப் புதிதாக ஒரு ரூபாய்கூட ஒதுக்க வேண்டியதில்லை.

கட்டடத்தின் உறுதியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் 2021 ஆகஸ்டில் என்ன நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். புதிதாகக் குடியேறியவர்கள் விரலால் சுரண்டினாலே சுவர்ப் பூச்சு மண்ணாய்க் கொட்டியதைத் தொலைக்காட்சிகள் காட்டின. ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்தார்கள், பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் ஒன்று அப்படியே சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்னதாகவே வெளியேறிவிட்டதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். நானும்தான். ஆனால் அன்று அந்தக் கட்டடத்திலிருந்து பிழைத்தவர்களைக் காப்பாற்றியது ஆய்வு அறிக்கையா, எச்சரிக்கை மணியா? இல்லை. அவர்களுடைய கண்களும் கால்களும்தான். பார்வையில்லாதவர், காது கேளாதவர், எழுந்து நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டில் அடுத்த முறை விரிசல் விழுந்தால் என்ன செய்வது என்று அதற்குப் பிறகாவது யாராவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

தப்பி ஓட முடியாதவர்களுக்குக் கட்டடம் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2016 சட்டத்தின் 44ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோக வகைசெய்யும் அணுகல் விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியே தரக் கூடாது, பணி நிறைவுச் சான்றும் தரக் கூடாது என்கிறது. 45ஆவது பிரிவு, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்கச் சொன்னது. 2017 ஜூனில் விதிகள் வந்தன. ஐந்தாண்டுக் கெடு 2022 ஜூனோடு முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக நிறுத்திவிட்ட, 2017 விதிகளின் 15ஆவது விதி, மூலச் சட்டத்துக்கே முரணானது என்று கூறி அதை ரத்து செய்தது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியவற்றைத் தனியாகப் பிரித்து மூன்று மாதங்களுக்குள் வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அதாவது கட்டாயம் என்று நாடாளுமன்றம் சொன்னதை, முடிந்தால் செய்யுங்கள் என்று விதி எழுதியவர்கள் ஏழு ஆண்டுகள் நீர்த்துப்போக வைத்திருக்கிறார்கள். அந்த ஏழு ஆண்டுகளில் நாடு முழுவதும் எழும்பிய கட்டடங்கள் இன்னும் ஐம்பது ஆண்டுகள் நிற்கும். அவற்றுக்கு அனுமதிக் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் பணி ஓய்வுக்குள் ஒரு கேள்வியையாவது எதிர்கொள்ளப் போகிறார்கள்? இந்தச் சட்டத்தை முதல் முறை மீறினால் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். அடுக்குமாடி கட்டும் எவருக்கும் அது ஒருநாள் சில்லறைச் செலவு.

இனி உதவித்தொகைக்கு வருகிறேன். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பாதிப்புள்ளவருக்கு ஒன்றிய அரசு தரும் மாத ஓய்வூதியம் 300 ரூபாய். 2012இல் 200 ரூபாயை 300 ஆக்கினார்கள். ஒரு நாளைக்குப் பத்து ரூபாய். நீங்களே சொல்லுங்கள், பத்து ரூபாயில் இன்று டீ கிடைக்குமா? மாநில அரசு இதைவிட எவ்வளவோ மேல், அதை மறுக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்புத் தொகையை 1,500இலிருந்து 2,000 ஆக உயர்த்தியது. வருவாய்த் துறை வழியாகப் பெறுபவர்களுக்கு 2023இல் 1,500 ரூபாய். அதே உடல், அதே வலி. எந்த அலுவலகத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து 500 ரூபாய் வித்தியாசம்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். மற்றவர்களுக்கான அதே போன்ற திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 24ஆவது பிரிவு. முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,200 ரூபாய் ஆனது. அதில் 25 விழுக்காடு 300. ஆக 1,500. சட்டம் கேட்ட குறைந்தபட்சம் பைசா பிசகாமல் நிறைவேறியிருக்கிறது! ஆனால் அடித்தொகையே வயிற்றுக்குப் போதாதபோது, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து யாருக்கு என்ன பயன்? பக்கத்திலேயே ஆந்திரப் பிரதேசம் 2024இல் மாற்றுத்திறனாளிகளின் ஓய்வூதியத்தை 6,000 ரூபாய் ஆக்கியது. முழுமையாக முடங்கியவர்களுக்கு 15,000. தெலங்கானா அதற்கு முந்தைய ஆண்டே 4,016 கொடுக்கத் தொடங்கியது. சமூக நலத்தில் முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகள், அண்டை மாநிலத்துக்கு இணையாகக் கேட்டு வீதியில் உட்கார வேண்டியிருக்கிறது.

படுக்கையில் இருப்பவருக்கு ஒரு டயப்பர் மலிவாகப் பார்த்தாலும் முப்பது, நாற்பது ரூபாய். அதற்கு மேல் சிறுநீர்க் குழாய், புண்ணுக்கு மருந்து, மாதம் ஒருமுறை ஆட்டோ. பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டுவிட்ட மகளின் சம்பளத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

லிஃப்ட் பற்றிப் பேசினால் உடனே ஒரு பதில் வரும்: குடியிருப்பவர்கள்தான் நாசம் செய்கிறார்கள், பொத்தானைப் பிடுங்குகிறார்கள், உள்ளே துப்புகிறார்கள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. நூறு குடும்பங்கள் காலை முதல் இரவு வரை ஏறி இறங்கினால் எந்த லிஃப்டும் தேயும். தனியார் அடுக்குமாடிகளில் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது, பழுதானால் அன்றே ஆள் வருகிறார், ஜெனரேட்டர் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் பிறப்பிலேயே ஒழுக்கசீலர்கள் என்பதால் அவர்களின் லிஃப்ட் ஓடவில்லை. வாரியக் குடியிருப்புகளுக்காக ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டத்தை அரசு கொண்டுவந்தது. குடியிருப்போர் சங்கங்கள் அமைவது நல்லதுதான், நான் ஆதரிக்கிறேன். ஆனால் உதிரும் பூச்சும், கைவிடப்பட்ட லிஃப்டும், கட்டியவரின் பொறுப்பு. அதைக் கூலித் தொழிலாளியின் மாதச் சந்தாவில் கரைக்க முடியாது.

2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை அமைத்தபோது, வாழ்நாளில் முதல்முறையாக அலையில் கால் நனைத்தவர்களின் முகங்களைப் பார்த்து நான் அழுதேன். சில நாள்களில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியபோது விரைந்து சரிசெய்தார்கள். செய்ய வேண்டும் என்று நினைத்தால் இந்த நிர்வாகத்தால் செய்ய முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அந்தக் கடற்கரைக்கு வரவேண்டியவர் நான்காவது மாடியிலிருந்து இறங்க முடியாமல் இருக்கிறார் என்பதையும் அதே வேகத்தில் பார்க்கச் சொல்கிறேன்.

அரசிடம் நான் கேட்பது கணக்கு. ஒவ்வொரு வாரியக் கட்டடத்தின் வாசலிலும் பலகை இருக்கட்டும்: கட்டடத்தின் உறுதி கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டது, யார் கையெழுத்திட்டார், லிஃப்டின் உரிமம் எந்தத் தேதி வரை, பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் பொறுப்பு எந்த அலுவலருடையது. லிஃப்ட் குறித்த நேரத்துக்கு மேல் நின்றால், அங்கே குடியிருக்கும் மாற்றுத்திறனாளிக்கு அந்த நாள்களுக்கான இழப்பீடு வாரியத்தின் நிதியிலிருந்து அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகட்டும். பணம் போகும் என்றால் பழுதுபார்ப்பவர் தானாக வருவார். ஒதுக்கீட்டுக்குப் பிறகு ஊனமுற்றவர்களுக்கு வீடு மாற்றித் தர ஒரு நிரந்தர நடைமுறையும், உதவித்தொகைக்கு விலைவாசியோடு சேர்ந்து ஆண்டுதோறும் உயரும் ஏற்பாடும் வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வாக்குறுதியாக அது வரக் கூடாது.

இதைப் படிப்பவர்களில் வாரியக் குடியிருப்பில் இருப்பவர்கள் இருந்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு இரண்டு கேள்விகளோடு மனு எழுதிக்கொண்டு போங்கள். எட்டாவது பிரிவின்படியான பதிவேட்டில் எங்கள் பிளாக்கில் யார் யார் பெயர் இருக்கிறது? எங்கள் கட்டடத்தின் கடைசி உறுதித்தன்மை ஆய்வு அறிக்கை எங்கே? ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் எனக்கு உள்பெட்டியில் செய்தி அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.